பிழியாத பாகற்காய்

சமையலறை ஜன்னலைச் சாத்த முடியவில்லை. இரவு முழுவதும் சாய்ந்து பெய்த மழையில் ஸ்டவ் வைத்திருந்த மேடை நனைந்து, தீப்பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது. உதுமான் ஜன்னல் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஆணியோ கம்பியோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கையை வெளியே விட்டுத் தடவினான். விரலில் பட்டது ஈரமாக, நூலைவிடச் சற்றுத் தடிமனாக, வளைந்து கொடுத்தது. குனிந்து பார்த்தான். ஒரு பச்சைச் சுருள். எங்கிருந்தோ வந்து, கதவின் கொக்கியையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துச் சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தது. கட்டி முடித்த பிறகும் போதாமல் அதன் நுனி வீட்டுக்குள் ஒரு சாண் நீண்டு, அடுத்துப் பிடிக்க எதுவும் கிடைக்காமல் காற்றில் ஆடியது.

பிய்த்துப் போட்டிருக்கலாம். ஒரு நொடி வேலை. கையைக்கூடக் கொண்டுபோனான். ஆனால் இது எங்கே முளைத்து, எந்த வழியாக ஏறி இங்கே வந்தது என்ற கேள்வி அதற்குள் வந்துவிட்டது. கேள்வி வந்ததுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மாதக்கணக்கில் அவன் எதையும் பார்த்து ஏன், எங்கே என்று கேட்டதில்லை.

மனைவி ரஷீதா போனது சென்ற மழைக்காலத்தில். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கபரஸ்தானிலிருந்து திரும்பி வந்தான். இடையில் நடந்தவை அவனுக்குச் சரியாக நினைவில்லை. அழுதுவிடு, நெஞ்சில் வைக்காதே என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். சரி என்றான். அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. காலையில் திலக் நகரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவியில் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறைக்கு நடந்தான். பாளையங்கோட்டையில் பி.காம் படித்தவன் என்பதால் பட்டறையின் இங்கிலீஷ் கடிதங்களெல்லாம் அவன் பொறுப்பு. அந்தக் கடிதங்களில் ஒரு பிழைகூட வரவில்லை. மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டான். ராத்திரி பன்னும் டீயும். இன்னொரு கல்யாணத்தைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். வயது இருபத்தெட்டு.

சமையலறையின் பின்கதவை ரஷீதா போன பிறகு அவன் திறக்கவில்லை. அதற்கு முன்னும் அவன் அதிகம் திறந்ததில்லை. ஹவுசிங் போர்டு கட்டடத்தில் கீழ்த்தளத்து வீடு. கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லாத இடம், அதனால் கீழ்த்தளத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நட்டுத் தங்கள் பங்கைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ரஷீதா பாத்திரம் கழுவினாள், துணி காயப்போட்டாள், தகரங்களில் எதையோ வைத்து வளர்த்தாள். எதை என்று அவன் கேட்டதில்லை. தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, அம்மிக்குழவியால் தட்டி, திறந்தான்.

பின்பக்கம் முழுவதும் கொடியாக இருந்தது. சாக்கடைக் குழாயின் அடியில் ஒன்றல்ல, ஏழெட்டுத் தண்டுகள் சேர்ந்து கிளம்பியிருந்தன. ஒன்று குழாயைப் பிடித்து மேல்மாடிக்கு ஏறிவிட்டது. ஒன்று துணிக்கொடியில் ஓடி, தகட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. சுவரில் வழி தெரியாமல் அலைந்த ஒன்றுதான் ஜன்னல் கம்பிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இலைகள் ஆழமாக வெட்டுப்பட்டு, விரல் விரித்த கையைப் போல இருந்தன. என்ன கொடி என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கரீம் பாட்சா அவனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். அவர் முதலாளி, ஊர்க்காரர், இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்.

"ஒன் மாமியா போன் போட்டாங்கடே. பெருநா முடிஞ்சு ரஷீதாவோட வருஷ ஃபாத்திஹா ஓத இங்கயே வாறாங்களாம். புள்ள இங்க என்ன விரும்பித் திம்பான்னு கேக்காங்க. அதச் செஞ்சு வச்சுத்தான் ஓதணுமாம். என்ன சொல்லட்டும்?"

"யோசிச்சுச் சொல்றேன் பாய்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒம் பொண்டாட்டிதானடே."

சயானிலிருந்து குர்லாவுக்குக் கதவோரம் தொங்கிக்கொண்டு வரும்போது யோசித்தான். நெரிசலில் யாருடைய டிபன் கேரியரோ முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. ரஷீதாவுக்கு என்ன பிடிக்கும்? அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது தட்டில் வந்தது. தாளிச்சாவில் மாங்காய் இருந்தது, மீனில் புளி குறைவாக இருந்தது. அவன் சாப்பிடும்போது அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நிற்பாள். உட்காரு என்றால், நான் பெறவு சாப்ட்டுக்கிடுதேன் என்பாள். அந்தப் பெறவு அவன் கைகழுவி, படுக்கப் போன பிறகோ வேலைக்குப் போன பிறகோ வந்தது. ஒரே ஒரு தடவை சௌபாத்திக் கடற்கரையில் பேல்பூரி வாங்கினார்கள். இரண்டு வாய் தின்றுவிட்டு இலையை அவன் பக்கம் நகர்த்தினாள். பிடிக்கவில்லையா, அவன் தின்னட்டும் என்றா? பதினோரு மாதக் குடித்தனத்தில் அவள் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்த நாள் நினைவுக்கு வரவில்லை. மாமியாரிடம் சொல்ல அவனிடம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் அந்தக் கொடியின் இலை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனான். மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். அவன் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவதே அவர்களுக்குப் புதிது. ஒருவன் தர்பூசணி என்றான். இன்னொருவன் திராட்சை என்று அடித்துச் சொன்னான். நாசிக்கில் வேலை செய்தபோது தோட்டம் தோட்டமாகப் பார்த்திருக்கிறானாம். வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே ஒருவன், எதுவானாலும் மேல்மாடிக்கு ஏறினது மேல்மாடிக்காரிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னான். கரீம் பாட்சா இலையை வாங்கிக் கசக்கி மோந்து பார்த்தார். சந்தேகம் தீராமல் வாயில் போட்டு மென்றார். மென்றவர் எழுந்து ஜன்னலுக்கு ஓடித் துப்பினார். "பாவக்காடே," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கு உதுமான் சிரித்தான் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

அவன் யோசித்தது வேறு. அவர்கள் வீட்டில் பாகற்காய் சமைத்ததே இல்லை. பம்பாய்க்கு வந்த முதல் வாரம், என்ன ஆக்கட்டும் என்று ரஷீதா கேட்டபோது, எது வேண்டுமானாலும், பாகற்காய் மட்டும் வேண்டாம், அந்த வாடையே ஆகாது என்று அவன் சொன்னான். சின்ன வயதில் பூச்சிக்கு என்று உம்மா அரைத்து ஊற்றியதன் ஞாபகம். அவள் தலையாட்டினாள். பாகற்காய் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்படியிருக்க அவள் ஏன் அதை நட வேண்டும்? காக்கை போட்ட விதையாக இருக்கலாம். மண்ணோடு வந்திருக்கலாம். ஆனால் மஞ்சள் பூக்கள் வந்த வாரம், கொடியை விலக்கிப் பார்த்தபோது, சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் கந்தல் நூல் கட்டியிருந்தது தெரிந்தது. நைந்து போன, போன வருஷத்து நூல். காக்கை ஆணி அடிக்காது.

தகட்டுக்கு அந்தப் பக்கம் பூமாரி துணி அலசிக்கொண்டிருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, அவள் புருஷன் இசக்கிக்கு விக்ரோலியில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. ரஷீதாவுக்கு அவள்தான் இந்த ஊரில் முதலில் பழகியவள்.

"அக்கா, இந்தக் கொடி ரஷீதா போட்டதா?"

பூமாரி நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். அவன் தானாக வந்து பேசுகிறானா என்று ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். போன வருஷம் அவள் போட்டாள், இது அவள் போட்டதில்லை என்றாள். பறிக்க ஆளில்லாமல் விட்ட காய்கள் பழுத்து வெடித்து விழுந்து, மழை கண்டதும் தானாக முளைத்தது. அதனால்தான் ஒரே இடத்தில் இத்தனை.

"அதோ, அங்க ஒண்ணு பிஞ்சு விட்டிருக்கு," என்று உதுமான் விரலை நீட்டினான்.

"ஐய, தம்பி, வெரல மடக்குங்க. பிஞ்ச நீட்டிக் காட்டுனா வெம்பிப் போவும்லா."

மடக்கினான். மடக்கிய பிறகுதான், தான் மடக்கியது அவனுக்கு உறைத்தது.

"எங்க வீட்ல இதச் சமைச்சதே இல்லக்கா. யாருக்குப் போட்டா?"

பூமாரி ஒரு சட்டையை எடுத்து உதறினாள். காய்ந்த சட்டை அது. மறுபடியும் உதறினாள். "இவியளுக்குச் சுகர் இருக்குல்லா. பாவக்கா நல்லதுன்னு அந்தப் புள்ளதான் போட்டுக் குடுத்தா," என்றாள்.

பொருத்தமான பதில்தான். ஆனாலும் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு கதவு அவனுக்கு முன்னால் திறப்பதுபோல் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவன் நீட்டிக் காட்டிய பிஞ்சு அந்த வாரத்துக்குள் மஞ்சளடித்து உதிர்ந்தது. மழை அதிகம், மகரந்தம் சேரவில்லை என்று கல்லூரிப் பையனாகத் தனக்குச் சொல்லிக்கொண்டான். இருந்தாலும் அதற்குப் பிறகு கொடியின் பக்கம் போனால் கை தானாக முஷ்டியாகியது.

தினமும் காலையில் டீ டம்ளரோடு பின்வாசலுக்குப் போவது வழக்கமாயிற்று. பாகற்காய் ஒளிந்துகொள்ளும் காய் என்பதைக் கண்டுபிடித்தான். நின்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. குந்தி உட்கார்ந்து, இலைக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொங்கும். கையால் இழுத்தால் காம்பு விடாது, கொடி கூடவே வந்து பூவெல்லாம் கொட்டும். பழைய ஷேவிங் பிளேடால் காம்பை அறுப்பதுதான் சரி. முள்முள்ளாக இருப்பது முள்ளல்ல, அழுத்தினால் நசுங்கும். இளசில் நெருக்கமாக இருக்கும் அந்த முண்டுகள் காய் முற்ற முற்ற விலகி வழவழப்பாகும். பறித்த கையின் பச்சை வாசனை சோப்புப் போட்டாலும் குர்லா வரை வந்தது. வாடையே ஆகாது என்று சொன்னவன், ரயிலில் கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தான். மேல்மாடி மராட்டிக்காரி ஷிண்டே பாய் தன் ஜன்னலுக்கு வந்ததைத் தானே பறித்துக்கொண்டு, கார்லி, பாய், கார்லி என்று காயின் பெயரைத் தன் பாஷையில் சொல்லி மேலிருந்து தலையாட்டினாள்.

முதல் பறிப்பு ஒரு துணிப்பையில் பாதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். இசக்கி கட்டிலில் படுத்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத்தாண்ணே. சுகருக்கு நல்லதுன்னு ரஷீதா போட்டது."

இசக்கி பைக்குள் எட்டிப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். "எனக்கேதுய்யா சுகரு? போன மாசந்தான் கம்பெனில ரத்தம் மூத்திரம் எல்லாம் எடுத்துப் பாத்தான். இன்னும் அறுபது வருசம் வேல செய்வீருன்னு சொல்லி உட்டான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். "ஏ பிள்ள, எனக்குச் சுகர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியா? பாவக்காய எங்கம்மையாலேயே எனக்கு ஊட்டித் தீத்த முடியல, தெரியும்லா?"

பூமாரி ஈரக் கையோடு வந்து நிலையில் நின்றாள். உதுமான் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"அவளுக்குத்தான் போட்டா," என்றாள். "வேற யாருக்கு?"

இசக்கி ரேடியோவைத் தணித்தான்.

சொல்ல மாட்டேன் என்று ரஷீதாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். இப்போது யாரிடம் அந்த வாக்கைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் பொய் சொன்னாளாம். பாகற்காயை முதலில் பூமாரியின் தட்டிலிருந்துதான் ரஷீதா எடுத்து வாயில் போட்டாள், வேடிக்கைக்கு. மறுவாரம் சந்தையில் தானே வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஆக்கினால் அவங்களுக்கு வாடை வரும் என்று இங்கே, பூமாரியின் அடுப்பில் ஆக்கினாள். பிறகு விதை போட்டாள். உதுமான் வேலைக்குப் போனதும் பறிப்பாள். மத்தியானம், பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. எல்லாரும் செய்வதுபோல் பூமாரி உப்புப் போட்டுப் பிசறி, கசப்புத் தண்ணீரைப் பிழிந்துவிட்டுத்தான் வதக்குவாள். ஒரு நாள் ரஷீதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிழிஞ்ச பெறவு அதுல என்னக்கா இருக்குன்னு கேட்டா. அன்னையிலேருந்து அவ பங்கப் பிழியாம தனியா எடுத்து வப்பேன். இந்தப் படியிலதான் உக்காருவா. திங்கும்போது கண்ணுல தண்ணி வந்துரும். பெறவு சிரிப்பா. எதுக்குப் பிள்ள சிரிக்கேன்னா சொல்ல மாட்டா."

உதுமான் சிமெண்டுப் படியைப் பார்த்தான். எண்ணெயில் வதக்கினதா, புளி உண்டா என்று கேட்டான். எண்ணெய், வெங்காயம், கொஞ்சம் சென்னாக்குன்னிக் கருவாடு. புளி கிடையாது. எந்தத் தட்டு என்று கேட்டான். பூமாரி உள்ளே போய் நீல விளிம்பு போட்ட பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். விளிம்பில் ஓரிடம் பெயர்ந்து கறுத்திருந்தது. அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். துக்கம் என்று சொல்ல முடியாது. மத்தியானங்களில், அவன் தாராவியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளை அவனுக்குத் தெரியாது. அவள் எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தான். சமைக்கத் தைரியம் வரவில்லை. மேடையில் கிடந்து அவை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, ஒன்று வெடித்து உள்ளே ரத்தச் சிவப்பாய் விதை காட்டியது. அந்தச் சிவப்பு இந்தக் காய்க்குள் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. மாமியார் கேட்டதற்கு இப்போது அவனிடம் பதில் இருந்தது.

மாமியார் சபுரா பெருநாள் கழிந்து வந்து இறங்கினார். இரண்டு நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது போல நெய் டப்பாவை இறக்காமல் வீட்டுக்குள் வந்தார். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துத் தம் போட்டு எடுக்கும் தம்ரூட், நெய்ச்சோறு, கறி. மகளுக்கு ஊரில் இவைதான் உயிர் என்றார். மருமகன் எதிரே வந்து நின்று பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினார். இங்கே வந்து வேறு என்ன ஆசைப்பட்டாள் என்று அங்கிருந்து கேட்டார்.

"பாகற்காய், மாமி."

கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

"எம்மவளா? யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"மாப்ள, இருவது வருசம் எங்கிட்ட வளந்தா. பாவக்கா ஆக்குன அன்னைக்கு அவ மாமு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருவா." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஃபாத்திஹாவுக்கு இனிப்பு வப்பாங்க. கசப்ப வச்சு ஓதுனா நாலு பேரு என்ன கேப்பாங்க? புள்ளய அங்க கசப்புலயா வச்சிருந்தீங்கன்னு கேக்க மாட்டாங்களா? எனக்காக இல்ல. உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. கசப்பிலா வைத்திருந்தான்? தெரியவில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. மாமியாரின் தம்ரூட்டும் உண்மை, பூமாரியின் தட்டும் உண்மை. அந்தக் கசப்பு அவள் உம்மா வீட்டில் பழகியதல்ல, புருஷன் வீட்டில் கிடைத்ததுமல்ல. அவளாகத் தேடி எடுத்தது. அதை ஒளித்துவிட்டு ஓதினால், அந்த மத்தியானத்துப் பெண்ணுக்கு யார் ஓதுவது?

"அவளுக்குப் பிடிச்சதத்தான் வைக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க, மாமி," என்றான். கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.

ஃபாத்திஹா அன்று காலை அவன் பிளேடோடு பின்வாசலுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான். நான்கைந்து காய் அறுத்திருப்பான். நிலையில் நிழல் தட்டியது. சபுரா முதல் முறையாகப் பின்கதவு வரை வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொடியைப் பார்த்தபடி நின்றார். தகட்டுக்கு அந்தப் பக்கம் பூமாரி எழுந்து நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமாரிக்குச் சங்கடமாக இருந்தது. தான் எதையோ திருடி வைத்திருந்தவள் போல முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவ ஒங்க வீட்ல பாவக்கா திம்பாளாமே."

"திம்பாம்மா."

"எப்பிடி உக்காந்து திம்பா?"

பூமாரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அங்கேயே, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து காட்டினாள். இடது காலை மடித்துக் கீழே வைத்து, வலது காலைக் குத்திட்டு, இல்லாத தட்டை முழங்காலில் ஏந்தி, சோற்றை உருட்டுவதற்கு முன் விரலால் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தாள்.

சபுரா நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"விளிம்பத் தொடைப்பா," என்றார். "அது அவதான்." பிறகு கையை நீட்டி மருமகனிடமிருந்து காய்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மருமகன் கையிலிருந்து அவர் நேராக எதையும் வாங்கியது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தவனுக்குச் சமையலறை தெரிந்தது. சபுரா காயை வட்டம் வட்டமாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறினார். ஒரு கை நிறைய அள்ளினார். விரல்கள் இறுகத் தொடங்கின.

"பிழியாதீங்க, மாமி."

கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் மெதுவாக விரிந்தன.

கரீம் பாட்சா, பட்டறை ஆட்கள், இசக்கி, ஓத வந்த லெப்பை என்று கூடம் நிறைந்தது. ஊதுவத்திப் புகைக்கு நடுவே நெய்ச்சோறும் கறியும் தம்ரூட்டும் மூடி திறந்து வைக்கப்பட்டன. பக்கத்தில் பூமாரி கொடுத்தனுப்பிய நீல விளிம்புத் தட்டில் கறும்பச்சையாகப் பாகற்காய். லெப்பையின் கண் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிவிட்டு அந்தத் தட்டில் வந்து நின்றது. இதுவுமா என்பதுபோல் உதுமானைப் பார்த்தார்.

"அவ விரும்பித் திம்பா," என்றான் உதுமான். அந்த ஒரு வருஷத்தில் நாலு பேருக்கு முன்னால் அவளைப் பற்றி அவன் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது.

லெப்பை கையை ஏந்தி ஓத ஆரம்பித்தார். ஓதி முடித்ததும் எல்லாரும் தம்ரூட்டைப் பற்றிப் பேசினார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்களைக் கரீம் பாட்சா ஒரு பார்வையில் நிறுத்தியிருக்கலாம். இரண்டு பேர் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். இசக்கி மட்டும், எங்கம்மையாலேயே தீத்த முடியாதத என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். கண் பிதுங்கியது. தண்ணீர் என்று கைகாட்டவில்லை. விழுங்கிவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தட்டு கூடத்தில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. சபுரா படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். கணக்குப் பார்க்கிறவரைப் போல ஒவ்வொரு துண்டாக எடுத்து, மென்று, நிறுத்தி, மென்றார். அவன் வந்த அரவம் கேட்டு முக்காட்டை இழுத்தார், எழுந்திருக்கவில்லை. அவன் நிலைக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் கதவோரமாகத் தட்டு அவன் பக்கம் நகர்ந்து வந்தது.

ஒரு துண்டு எடுத்துப் போட்டான். முதலில் உப்பு. பிறகு நாக்கின் இரண்டு ஓரத்திலும் கசப்பு எழும்பி, தொண்டையை அடைத்து, காதுக்குள் போனது. துப்பவில்லை. கண்ணில் நீர் வந்தது. அது காயினால் வந்ததுதான். இந்த இடத்துக்கு அப்புறந்தான் அவள் சிரித்திருக்கிறாள். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு துண்டு எடுத்தான்.

"இதுல அவ என்னத்தக் கண்டான்னு தெரியுதா ஒங்களுக்கு?" என்று கேட்டார் சபுரா, கொடியைப் பார்த்தபடி.

"இல்ல, மாமி."

"எனக்கும் தெரியல." தட்டு மறுபடியும் அந்தப் பக்கம் போனது. மேலே ஷிண்டே பாய் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. தூறல் ஆரம்பித்தது. சபுரா நகரவில்லை. "இனியும் காய்க்குமா இது?"

உதுமான் கையை நீட்டி, விரலை மடக்கி, முட்டியால் காட்டினான். சபுரா குனிந்து இலைக்கு அடியில் தேடினார். குழாயோரம், பிளேடு படாமல் விட்டிருந்த ஒரு காய், அடிநுனியில் மட்டும் மஞ்சளேறி, மழைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தது.